நெறிக்கு எண்ணெய் தடவினேன்

போன வருடம், சோளகக் காற்று ஓய்கிற நேரம். மயிலிட்டித் துறைமுகத்தில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடையைக் கிளறி மீனின் தரம் சொல்வதில் என்னை வெல்ல அந்தக் கரையில் ஆளில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, அடுத்தவர் படகில் கூலிக்குப் போய், இன்று மூன்று படகுக்குச் சம்மாட்டியாக நிற்பவன் நான். அன்றும் கூடைக்குள் கையை விட்டேன். கெளிற்று மீனின் முள் வலது பெருவிரலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டுக் கடல் தண்ணீரில் கழுவினேன். கடற்காரனுக்கு முள் குத்துவது ஒரு செய்தியா?

அடுத்த நாள் விரல் வீங்கியது. அதைவிட, அக்குளில் நெறி கட்டியதுதான் பெரிய உபத்திரவம். புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. கையைத் தூக்க முடியவில்லை. எங்கள் பக்கத்தில் நெறி கட்டினால் நோயே அதுதான் என்று நினைப்போம். எண்ணெயைச் சூடாக்கி, அமத்தித் தடவிக் கரைத்துவிட வேண்டும். என் படகில் தொழில் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டுத் தடவுவித்தேன். உயிர் போகிற நோவு. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அமத்தச் சொன்னேன்.

விடிந்தபோது காய்ச்சலும் நடுக்கமும். போட்டிருந்த சேட்டைக் கழற்றும்போதுதான் மனைவி கண்டாள். பெருவிரலில் தொடங்கி முழங்கை வரை சிவப்பாக ஒரு கோடு.

"இஞ்சாருங்கோ, உதென்ன கையிலை?"

கயிறு உரசியிருக்கும் என்றேன். அவள் தொட்டுப் பார்த்தாள்; கோடு கொதித்தது. நான் மறுக்க மறுக்க ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

"ஆஸ்பத்திரிப் படி மிதியாத உடம்பெண்ட புளுகைத் திரும்பி வந்து புளுகுங்கோ, இப்ப ஏறுங்கோ."

டொக்டர் இளம் பெண். நெறியைத் தொடப் போனவர் எண்ணெய் மணத்தில் கையை நிறுத்தினார்.

"ஐயா, இதைத் தடவினீங்களோ?"

"ஓம், நல்லா அமத்தி" என்றேன், பெருமையாகத்தான்.

அவர் முகம் மாறியது. இரத்தக் குழாய் தவிர, தெளிந்த நீர் ஓடும் நுண்ணிய வாய்க்கால்களும் உடம்பெங்கும் இருக்கின்றனவாம். காயத்தால் உள்ளே போகும் கிருமி அந்த வழியில்தான் ஏறுமாம். வழியில் காவலரண் போல நெறிகள் நின்று, வரும் கிருமியை வடித்துப் பிடிக்குமாம்.

"அது நோயில்லை ஐயா. உங்களுக்காகச் சண்டை பிடிக்கிற இடம். அதைப் போய் நசுக்கலாமோ?"

மீன் நிறைந்த வலையின் மடியைக் காலால் மிதித்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சிவப்புக் கோட்டின் நுனியில் பேனையால் ஒரு கீறு போட்டார். அதைத் தாண்டினால் உடனே கூப்பிடச் சொன்னார். கிருமி இரத்தத்தில் கலந்தால் கையோடு நில்லாது என்று மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது.

ஊசி மருந்து ஏறியது. நாங்கள் இருவரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் சிவப்பு அந்த மையைத் தாண்டியது. மனைவி ஓடினாள். விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள், கொஞ்சம் மேலே பேனையால் புதிதாக இன்னொரு கீறு போட்டார்கள். புயலுக்குள் படகு விட்டவன் நான். ஆனால் ஒரு விரற்கடை அகலத் தோலைப் பார்த்து அன்று நடுங்கியதுபோல் கடலில் நடுங்கியதில்லை. இந்தக் கை போனால் நான் யார்?

பொழுது சாயும்போது சிவப்பு இரண்டாவது மைக்குக் கீழேயே நின்றது. மறுநாள் வெளிறத் தொடங்கியது. உங்கள் மருந்துதான் காப்பாற்றியது என்று டொக்டரைக் கும்பிட்டேன்.

"மருந்து வருமட்டும் தாங்கினது உங்கடை நெறி ஐயா" என்றார்.

யாருடைய காவலும் இல்லாமல் தனியே முன்னுக்கு வந்தவன் என்று இன்றைக்கும் கரையில் சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் சொல்லும்போதெல்லாம், நான் நசுக்க நசுக்கக் கூலி கேட்காமல் காவல் நின்ற அந்தப் புளியங்கொட்டை நினைவுக்கு வந்து, குரல் கொஞ்சம் தணிந்துவிடுகிறது.