முப்பத்தொன்றாம் எண் படம்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும், அப்பாவின் நல்ல குணங்களைப் பற்றி மகள் எழுதியிருப்பாள் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அப்பா மறைவதற்குச் சில வாரங்கள் முன்பு எங்கள் கடையில் நடந்ததைச் சொல்லாமல் வேறு எதை எழுதினாலும் பேனா நின்றுவிடுகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்பா பிறந்தது மாடம்பாக்கத்தில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாவதாக. பள்ளி இறுதி வகுப்பு எழுதிய கோடையிலேயே தம் தந்தையை இழந்தார். அதற்கு மேல் படிக்க வழியில்லை. குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஸ்டோர் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே ஸ்டோர் கீப்பர் ஆனார். ஓர் இயந்திர பெல்ட் வந்து இறங்கினாலும் பொட்டலத்தைப் பிரித்து, கையால் தடவிப் பார்த்த பிறகுதான் வந்ததாக எழுதுவார். சீட்டில் என்ன இருக்கிறது என்பதை அவர் பொருட்படுத்தியதில்லை. கண்ணால் கண்டால்தான் எழுதுவார். இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். வீதி கூட்ட வருகிறவர் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் வாயில் "வாங்க, போங்க"தான். யாரையும் "அவன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

சேலையூரில் இரண்டு அறைகள் கட்டி, அம்மாவையும் என்னையும் தம்பி பாபுவையும் குடிவைத்தார். பாபுவை உங்களில் சிலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஏழு வயதில் போய்விட்டான்.

எண்பதுகளின் தொடக்கம். பள்ளி திறப்பதற்கு முன் நோட்டுப் புத்தகம் வாங்க அப்பா அவனைச் சைக்கிளில் குரோம்பேட்டைக்கு அழைத்துப் போனார். ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் சைக்கிளை நிறுத்தி, பாபுவை அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுக் கடைக்குள் போனார். சத்தம் கேட்டுத் திரும்பியபோது ஒரு லாரி சாலையை விட்டு இறங்கி நின்றிருந்தது. ஓட்டுநர் கீழே குதித்து, கிடந்த பிள்ளையின் மேல் குனிந்தார். பிறகு தலையை நிமிர்த்தி, ஓடி வந்துகொண்டிருந்த அப்பாவை நேருக்கு நேர் பார்த்தார். நடுவில் பத்தடிகூட இருக்காது. அடுத்த நொடி ரயில் தண்டவாளத்தின் பக்கம் ஓடி மறைந்தார். அப்பா பாபுவை அள்ளி எடுத்தபோது உயிர் இல்லை.

மூன்றாம் நாள், ஓட்டுநர் சரணடைந்துவிட்டதாகக் காவல் நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அப்பா போய்ப் பார்த்தார். அங்கே நின்றவர் வேறு ஒருவர்.

"இவர் இல்லைங்க" என்றார் அப்பா. "வண்டி ஓட்டினவருக்கு இடது காதுமடல் கீழே ரெண்டா கிழிஞ்சிருக்கும். நான் பார்த்தேன்."

அதையே வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தார். நீதிமன்றத்திலும் அதையே சொன்னார். குழந்தையைப் பறிகொடுத்த நேரத்தில் எந்தத் தகப்பனுக்கு அடுத்தவர் காது கண்ணில் படும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். சாட்சியே குழம்பிப்போனதாகக் கருதப்பட்டு வழக்கு ஒன்றுமில்லாமல் முடிந்தது. அதன் பிறகு உறவினர்கள் நடுவில் "பாவம், அன்னையிலிருந்து மனுஷனுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு" என்ற பேச்சு வந்தது. சொன்னவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். அப்பாவும் அந்தப் பேச்சை எடுப்பதை மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டார்.

தொழிற்சாலையை மூடிய பிறகு அப்பா எங்கள் கடைக்கு வரத் தொடங்கினார். குரோம்பேட்டை ரயில்வே கேட் அருகே நானும் என் கணவரும் நடத்தும் ஜெராக்ஸ், டிடிபி கடையை நீங்கள் அறிவீர்கள். கம்ப்யூட்டரைக் கண்டு அவர் மிரளவில்லை. இரண்டே மாதத்தில் தமிழ் டைப் அடிக்கவும், அடையாள அட்டை வடிவமைக்கவும் கற்றுக்கொண்டார்.

சென்ற ஆண்டு, தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தத்தில் பேருந்து விடும் ஒரு கம்பெனி, தன் ஓட்டுநர்கள் நாற்பது பேருக்கும் அடையாள அட்டை செய்யக் கொடுத்தது. அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசரிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் அப்போது அது பெரிய அதிசயம். பெருங்களத்தூர் ஷெட்டில் அவரே படம் எடுத்து, கேமராவைக் கொண்டுவந்து கொடுப்பார். அதில் இருபது படம்தான் கொள்ளும். கம்ப்யூட்டரில் ஏற்றி, கேமராவைக் காலி செய்து கொடுத்தால்தான் அடுத்த இருபது பேரை எடுக்க முடியும்.

ஏற்றுவது அப்பாவின் வேலை. கம்ப்யூட்டரின் பின்பக்கம் வயரைச் செருகி, கேமராவுக்குப் புது பென்சில் பேட்டரி நான்கு போட்டு உட்காருவார். ஒரு படம் வர ஏறக்குறைய ஒரு நிமிடம் பிடிக்கும். நெற்றியில் ஆரம்பித்துக் கீழே கீழே, கோடு கோடாக முகம் இறங்கும். எல்லாம் வந்த பிறகும் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பட்டியலில் பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டுத்தான் கேமராவில் இருப்பதை அழிப்பார்.

இரண்டாவது தடவை கேமரா வந்த அன்று மதியம் நான் பக்கத்து மேசையில் திருமணப் பத்திரிகை ஒன்றைப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அப்பாவின் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"உமா, இங்க வாம்மா."

போனேன். திரையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரின் முகம். காக்கிச் சட்டை. படம் காலர்வரை இறங்கியிருந்தது.

"யாருப்பா?"

"இவன்தான்."

எனக்குப் புரியவில்லை. அப்பாவின் வாயிலிருந்து "இவன்" என்ற சொல் வந்ததே என்னை உலுக்கியது. பிறகுதான் அவர் விரல் திரையில் தொட்ட இடத்தைப் பார்த்தேன். காதுமடல் கீழே இரண்டாகப் பிளந்திருந்தது. சிறுமியாக இருந்தபோது எத்தனையோ முறை கேட்டு, பிற்பாடு நானும் நம்பாமல் விட்ட அந்தக் காது.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தார். "இன்னா சார், ஆச்சா? கேமராவ காலி பண்ணிக் குடுங்க."

"இன்னும் முடியலைங்க. ஒரு படம் சரியா வரலை" என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பட்டியலில் முப்பத்தொன்றாம் எண்ணாக இருந்த அந்தப் படத்தை மறுபடியும் ஏற்றினார். ஃப்ளாப்பியில் ஒன்றுக்கு இரண்டாகப் பதிந்துகொண்டார். பிறகு சூப்பர்வைசரிடம், ஓட்டுநர்கள் ஒவ்வொருவரும் நேரில் வந்து அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் லேமினேஷன் செய்ய முடியும் என்று சொன்னார்.

"இது இன்னா சார் பேஜாரு! நாப்பது பேரையும் இட்டாரணுமா?" என்று அலுத்துக்கொண்டே போனார் அவர்.

உடனே காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். அம்மாவிடமாவது சொல்லலாம் என்றேன். அப்பா தலையாட்டி மறுத்தார்.

"இப்ப சொல்லாதம்மா. முதல்ல நேர்ல பார்க்கறேன். எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சோன்னு நானே பல நாள் நினைச்சிருக்கேன்."

படத்தில் கண்ட முகத்தைவிட இந்தச் சொல்தான் என்னை அதிகமாக அடித்தது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன ஒருவரைத் தம் கண்ணையே சந்தேகப்பட வைத்திருக்கிறோம்.

ஓட்டுநர்கள் இரண்டு பேர், மூன்று பேராக மாலை நேரங்களில் வந்து கையெழுத்துப் போட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் அந்தப் படத்தில் இருந்தவர் தனியாக வந்தார். அவர் பெயரை உறவினர்களிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா அப்போதே கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. அப்பா அட்டையை நகர்த்தி, பேனாவைக் கொடுத்தார். அவர் முதல் எழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அப்பாவைப் பார்த்த பார்வை அப்படியே நின்றது.

"என்னைத் தெரியுதுங்களா?" என்று கேட்டார் அப்பா.

கடைக்கு வெளியே மின்சார ரயில் ஒன்று போய் முடிந்தது.

"தெரியும் சார்" என்றார். "அந்தக் கடை வாசல்ல... ஓடியாந்தீங்க. இந்த மொகத்த எப்டி சார் மறக்க முடியும்?"

அவர் சட்டையைப் பிடிக்க நான் எழுந்துவிட்டேன். என் கணவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"மொதலாளி ஊருக்குப் போய்டுன்னாரு. வேற ஆள வச்சு நான் பாத்துக்கறேன்னாரு. போய்ட்டேன் சார். போலீசாண்ட இட்டுகினு போங்க. வர்றேன்."

"போலீசுக்குப் பிறகு போகலாம். முதல்ல எங்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

அப்பா, நான், அவர் மூவரும் குரோம்பேட்டையில் ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கினோம். நடுவில் சானடோரியம் ஒரு நிறுத்தம்தான். எதிரெதிர் இருக்கையில் முழங்கால் இடிக்காமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். சேலையூர் வரை நடந்தே போனோம்.

அம்மா, கடைக்கு வேண்டப்பட்டவர் யாரோ என்று நினைத்து அவருக்கு மோர் கொடுத்தார்கள். அவர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். அப்பா, "இவர் சொல்றதைக் கேளு" என்றார். அவர் நின்றபடியே சொன்னார். நாலைந்து வாக்கியம்தான் இருக்கும்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப நீங்க சொன்னது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பார்க்க அம்மா அப்படிப் பிடித்தது கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா அவரிடம் திரும்பினார்கள். "நீங்கதானே முதல்ல பக்கத்துல போனீங்க. என் புள்ளை ஏதாவது சொன்னானா?"

அப்படி ஒரு கேள்வி அம்மாவுக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "செருப்பக் காணோம்னு சொன்னான்மா."

பாபு அடிபட்ட உடனே போய்விட்டான் என்றுதான் இத்தனை ஆண்டும் நம்பியிருந்தோம். பேசியிருக்கிறான். செருப்பைத் தேடியிருக்கிறான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா எழுந்து பின்கட்டுக்குப் போய், துணி துவைக்கும் கல்லருகே முதுகைக் காட்டி நின்றார். ஓட்டுநர் கிளம்பும்போது "போயிட்டு வாங்க" என்று சொல்ல மட்டும் திரும்பி வந்தார்.

அடுத்த வாரம் அப்பாவும் அவரும் சேர்ந்து காவல் நிலையத்துக்குப் போனார்கள். பழைய வழக்குக் கட்டைத் தேடி எடுக்க வேண்டும் என்று சொல்லி, இருவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த எழுத்து என்ன ஆகும் என்று இன்றுவரை தெரியாது. அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு காலை காப்பி குடித்துக்கொண்டே "நெஞ்சு என்னவோ பண்ணுது" என்றார் அப்பா. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இறுதிச் சடங்கன்று எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே ஒருவர் அழுதபடி நின்றதைப் பார்த்துப் பலரும் யார் என்று கேட்டீர்கள். அவர்தான். இப்போது வண்டி ஓட்டுவதில்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். அந்த ஓட்டுநருக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் நினைத்திருந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் சொல்லவில்லை என்பதை எழுதாமலும் இருக்க முடியவில்லை. அந்தப் படத்தை அப்பா ஏற்றாமல் இருந்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் எங்களோடு இருந்திருப்பாரோ என்றும் நினைக்கிறேன். கேட்க ஆளில்லை.

அன்று ஆட்டோ கொண்டுவந்த எதிர்வீட்டு அண்ணன், பதினாறு நாளும் கூடவே இருந்த சித்தி, இப்போதைய வேலையில் விடுப்புப் போட்டு வந்து நின்ற பழைய தொழிற்சாலை நண்பர்கள், தன் கேமராவில் எப்போதோ எடுத்திருந்த அப்பாவின் ஒரு படத்தைத் தேடிக் கொண்டுவந்து இந்த மலரின் அட்டைக்குக் கொடுத்த சூப்பர்வைசர், உங்கள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்கள். முடிந்ததும், "அப்பாவை நம்பாதவங்களை உறவினர்கள், எல்லாரும்னு பொதுவா எழுதியிருக்கியே" என்றார்கள்.

"பேர் போட்டா யாராவது வருத்தப்படுவாங்கம்மா."

"ஒரு பேர் போடு. முதல் ஆள் நான்தான்னு போடு. எல்லாரும் படிக்கட்டும்."

போட்டுவிட்டேன்.