சம்பந்தி முன்னால் இருமக்கூடாது!

சம்பந்தி வீட்டார் முதல்முறையாகத் தங்க வருகிறார்கள் என்றால், வீட்டில் எதை முதலில் ஒளித்துவைப்பீர்கள்? கிழிந்த சோபா உறையை? பழைய பேப்பர் மூட்டையை?

நான் என் இன்ஹேலரை ஒளித்துவைத்தேன்.

டிசம்பர் வந்தால் மைசூர்க் குளிருக்கும் என் நெஞ்சுக்கும் நடக்கும் தகராறு இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குப் பழைய கதை. விடியற்காலைப் பனி, தெருமுனையில் சருகைக் குவித்துக் கொளுத்தும் புகை, பரணிலிருந்து தூசியோடு இறங்கும் ரஜாய் மெத்தைப் போர்வை... ஒன்றுக்குத் தப்பினால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். உங்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, எங்கள் ஈரோட்டுச் சம்பந்தியம்மாவுக்கு மட்டும் தெரியாது. நல்லவேளை, அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை.

ஏன் மறைக்க வேண்டும் என்கிறீர்களா? என் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வந்தபோது, "ஏனுங்க, வீட்ல ஆருக்கும் சீக்குகீக்கு ஒண்ணும் இல்லீங்களே?" என்று சம்பந்தியம்மா பொதுவாகக் கேட்டுவைத்தார். நான் காபி எடுத்துவர எழுந்து உள்ளே போய்விட்டேன். பொய் சொல்லவில்லை. காபிதான் எடுத்து வந்தேன்! 'யாரிடமும் சொல்லாதே' என்று நித்யாவிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டேன். நாளைக்கு அவள் ஒரு தும்மல் தும்மினாலும், 'அம்மா வீட்டுச் சீதனம்' என்று சொல்லிவிட்டால்?

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இந்தக் கிறிஸ்துமஸ் லீவில் மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவோடு வந்து இறங்கினார்கள்.

வருகிறவர் மார்கழியில் எதிர்பார்ப்பாரே என்று, பயந்து பயந்து சாம்பிராணி போட்டேன். "வாசம் நல்லாருக்குங்க" என்றார் சம்பந்தியம்மா. சொன்ன கையோடு, "வ்யூ பாத்துட்டு வர்றேனுங்க" என்று பால்கனிக்குப் போய்விட்டார். நானும் கூடவே போனேன். எங்கள் பால்கனியிலிருந்து தெரிவது ஒரு டிரான்ஸ்ஃபார்மர். இரண்டு பேரும் அதை வெகுநேரம் ரசித்தோம்.

ரஜாய் கொடுத்தேன். "எனக்கு சேலையப் போத்துனாலே போதுமுங்க" என்றார். அடக்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். நானோ ராத்திரி இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்தேன். இன்ஹேலர் வேண்டுமென்றால் பாத்ரூம். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுத்துவேன். சத்தம் கேட்கக்கூடாதே!

மறுநாள் எல்லோரும் கோபாலசுவாமி பெட்டாவுக்குக் கிளம்பினோம். குண்டலுபேட்டையைத் தாண்டி, காட்டுக்கு நடுவே ஒரு மலை. உச்சியில் கோயில். நம் கார் அடிவாரத்தோடு சரி... மேலே அரசாங்க பஸ் மட்டும்தான் போகும்.

பஸ் புறப்படத் தயாராக நின்றது. "பேக பேக" என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார்.

"அத்தை, பையெல்லாம் கார்லயே இருக்கட்டும். மேல கொரங்குத் தொல்லை ஜாஸ்தி" என்றார் மாப்பிள்ளை.

என் வீட்டுக்காரர் கண்ணாலேயே 'அது இருக்கா?' என்று கேட்டார். அது பைக்குள் இருந்தது. பையை எடுத்தால், 'அப்படி என்னங்க இருக்குது பையில?' என்று சம்பந்தியம்மா கேட்பார். இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, பையைக் காரிலேயே விட்டு ஏறிவிட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

பஸ் வளைவு திரும்பத் திரும்பப் பனி அடர்ந்தது. மேலே இறங்கியதும் ஈரக்காற்று முகத்தில் அடித்தது. மற்ற மூவரும் கோயிலை நோக்கி விறுவிறுவென்று போய்ப் பனிக்குள் மறைந்துவிட்டார்கள். கொஞ்ச தூரம் நடந்ததுமே எனக்கு நெஞ்சு இறுகத் தொடங்கியது.

"நீங்க போங்க சம்பந்தி... நான் வ்யூ பார்த்துட்டு வரேன்" என்றேன்.

நாலடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத பனியில் என்ன வ்யூ?

ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இழுத்த மூச்சு வெளியே வரமாட்டேன் என்கிறது. உள்ளே விசில் சத்தம். வீட்டுக்காரரைக் கூப்பிடக் குரல் எழும்பவில்லை. பை கீழே, காருக்குள். இறங்குகிற பஸ்ஸோ ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். இத்தனை வருஷ ஆஸ்துமாவில் இப்படிப் பயந்ததே இல்லை. 'பொண்ணோட மாமியார் முன்னாடியே போயிடுவோமா?' என்று ஓடியது புத்தி. அப்போதும் கௌரவம் பார்க்கிறது பாருங்கள்!

சம்பந்தியம்மா போகவில்லை. என் தோள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை உருவினார். உள்ளே... நீலக் கலரில் ஓர் இன்ஹேலர். என்னுடையது போலவே!

"பேசாதீங்க" என்று அதட்டினார். முந்தானையால் வாய்ப்பகுதியைத் துடைத்தார், குலுக்கினார். "மூச்ச வெளிய உடுங்க... இப்ப மெதுவா இழுங்க... அப்பிடியே புடிச்சுக்கோங்க."

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. மெல்ல மெல்ல நெஞ்சு வழிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் முதுகை நீவிக்கொண்டே, தானும் ஒரு முறை இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்குமா?"

"ரொம்ப வருசமாங்க. உங்க சாம்பிராணியில செத்தேன் போங்க!"

"அப்புறம் ஏன் பொண்ணு பார்க்க வந்தப்ப சீக்கு இருக்கான்னு கேட்டீங்க?"

"நீங்க கேட்டுப்புடுவீங்களோன்னு பயந்துதானுங்க முந்திக்கிட்டேன்!"

அதற்குள் எங்களைக் காணோமே என்று மற்றவர்கள் திரும்பி ஓடிவந்தார்கள். விஷயத்தைக் கேட்டு மாப்பிள்ளை முகம் வெளுத்தது. நித்யா என்னைக் கட்டிக்கொண்டு, "அம்மா, எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். சொல்லக்கூடாதுன்னு நீங்க ரெண்டு பேரும்தானே சத்தியம் வாங்கினீங்க?" என்று அழுதாள்.

சத்தியம் செய்தவர்கள் அதை மீறி நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். வாங்கிய நாங்கள்தான் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தோம்.

மைசூர் திரும்பியதும் டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துத் திட்டினார். பனியைவிட, புகையைவிட ஆபத்து இந்த ஒளித்துவைக்கிற புத்திதான் என்றார். இப்போது என் இன்ஹேலர் ஹாலில், டிவி பக்கத்தில் எல்லோரும் பார்க்க நிற்கிறது.

பொங்கலுக்கு ஈரோடு போகிறோம். அங்கே வாசலில் விறகு அடுப்பு மூட்டித்தான் பொங்கல் வைப்பார்களாம். மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. நேற்று போன் போட்டு, "புகைக்கு என்ன பண்றது சம்பந்தி?" என்று கேட்டேன்.

"பொங்கல நித்யா வெக்கட்டுமுங்க. நாம ரெண்டு பேரும் மச்சு ரூம்புல சன்னல சாத்திக்கிட்டு... வ்யூ பாக்கலாம்!"