மாமாவின் ராக் முடி

என் மாமா முடி வளர்த்தது ராக் இசைக்காக. ஆந்திர எல்லை ஊரான நகரியில் அதை நம்புவதற்கு ஒரு ஆள்கூடக் கிடையாது.

எங்கள் ஊரிலிருந்து ரயில் ஏறினால் காலைச் சாப்பாடு செரிப்பதற்குள் திருப்பதி வந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் ஓர் ஆண்பிள்ளை தோள் வரைக்கும் முடியை வளர்த்துக்கொண்டு திரிந்தால் அது வேண்டுதல் முடி. ஒருநாள் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வருவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குழாயடிக்கு வருகிற பெண்கள் மாமாவை நிறுத்தி, எப்போது முடி இறக்கப் போகிறாய் என்று அன்பாக விசாரிப்பார்கள். இது சாமிக்கு இல்லை, கிட்டாருக்கு என்று அவர் பல்லைக் கடிப்பார். கிட்டார் வாசிப்பது கையால்தானே, தலையில் என்ன இருக்கிறது என்று அவர்கள் என்னைக் கேட்பார்கள். எனக்கும் தெரியாது. கடைசியில் என் அம்மாவே, ஆமாம், வேலை நிரந்தரமாக வேண்டும் என்று பெருமாளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள். அதன்பிறகு மாமாவுக்கு மரியாதை கூடிப்போனது. எதிர்வீட்டுக்காரர் முன்கூட்டியே இரண்டு லட்டுக்குச் சொல்லிவைத்தார். தம்பி தறுதலை என்பதைவிட பக்திமான் என்பது எந்த அக்காவுக்கும் சௌகரியம்தான்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு. காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால பாசஞ்சரில் திரும்புவார். மிச்ச நேரமெல்லாம் கிட்டார்தான். அவரோடு இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் டிரம்ஸ் அடிக்கிற புத்தூர்க்காரர். இன்னொருவர் ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வருவார், அவரிடம் இருந்தது தடித்த கம்பி போட்ட வேறொரு மாதிரி கிட்டார். மூவருக்கும் தோள் வரைக்கும் முடி. என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நான்கு பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு என்பதால் அந்த ஷெட்டில் இவர்கள் கூடிவிடுவார்கள். ஆறு நாள் தறி அடிக்கிறது, ஏழாவது நாள் இவன்கள் அடிக்கிறான்கள் என்று அம்மா தலையில் கை வைத்துக்கொள்வாள். மாமாவுக்கு அதைக் கேட்டால்கூடச் சந்தோஷம். நகரியில் பிறந்த பிள்ளைக்குத் தொட்டிலிலேயே ராக் தாளம் காதில் விழுந்துவிடுகிறது, பிறகுதான் கெட்டுப்போகிறது என்பார்.

கெட்டுப்போனது நான். எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் அழுது புரண்டு வாங்கிய ஒரு கேசட் என்னிடம் இருந்தது. அட்டையில் மூன்று வெள்ளைக்காரப் பெண்கள் உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே இங்கிலீஷ் பாட்டுகள். ஒரு வார்த்தை புரியாது. புரியாத இடங்களில் எனக்குத் தோன்றிய சத்தங்களைப் போட்டு நிரப்பிக்கொண்டு, இடுப்பை வெட்டி வெட்டி ஆடுவேன். அதிலும் முதல் பாட்டு வந்துவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அந்தச் சந்தோஷத்தை இன்றுவரை வேறு எதுவும் எனக்குக் கொடுத்ததில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மாமாவுக்கு அந்தக் கேசட்டைக் கண்டாலே ஆகாது.

"இதெல்லாம் ஒரு பாட்டா? பஞ்சுமிட்டாய். வாயில வச்சா கரைஞ்சிடும், வயித்துல ஒண்ணும் நிக்காது."

பிறகு பாடம் ஆரம்பிக்கும். ராக் என்றால் வாசிக்கிறவனே எழுத வேண்டும், வயிற்றெரிச்சலில் எழுத வேண்டும், கிட்டார் கரகரவென்று உறும வேண்டும். பாப், அதாவது என் கேசட் மாதிரியான பாட்டு, அப்படி இல்லை. ஒருத்தன் எழுதுவான், இன்னொருத்தன் மெட்டுப் போடுவான், பார்க்க லட்சணமாக இருக்கிற ஒருத்தியை நிறுத்திப் பாடவைப்பான். எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி மழமழவென்று இழைத்துக் கடைக்கு அனுப்பிவிடுவான். எல்லாருக்கும் பிடித்தால் நல்லதுதானே என்று நான் கேட்டேன். எல்லாருக்கும் பிடிக்கிறதில் சரக்கு இருக்காது என்றார். மாம்பழம் எல்லாருக்கும் பிடிக்கிறதே என்றேன். எங்கள் சித்தூர் ஜில்லாவில் உட்கார்ந்துகொண்டு மாம்பழத்தை மட்டம் என்று சொல்ல முடியுமா? மாமா உச்சுக்கொட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஒருநாள் இந்தச் சண்டையை நைனாவும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பாட்டுக் கேட்கிற ஆளே இல்லை. அறுந்த இழையை முடிச்சுப் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"விக்கறதுக்குன்னு செய்யறதெல்லாம் மட்டம்னா, நாம நெய்யறது இன்னாது? எனக்கோசரம்னு நான் ஒரு லுங்கிகூட நெய்ஞ்சதில்லியே."

 துணி வேறு பாட்டு வேறு என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் அன்றைக்கு அவர் குரலில் உறுமல் இல்லை.

விநாயக சவிதி, அதாவது பிள்ளையார் சதுர்த்தி, நெருங்கியது. எங்கள் தெருப் பந்தலில் ஐந்தாம் நாள் சாயங்காலம் நிகழ்ச்சி வைப்பார்கள். அந்த வருஷம் மாமாவின் குழுவுக்கு ஓர் இடம், எனக்கு டான்ஸ் ஆட ஓர் இடம். பந்தல்காரர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது, என் புகழ் பரவிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நானும் மாமாவும் பந்தயம் கட்டினோம். என் பாட்டுக்கு ஜனங்கள் ஒன்ஸ் மோர் கேட்டால் அவர் மொட்டை அடித்துக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் கேசட்டை நான் அவரிடம் கொடுத்துவிட வேண்டும், அவர் என் பாட்டுகளை அழித்துவிட்டு அதிலே தன் பாட்டுகளைப் பதிவு செய்துகொள்வார். நைனாதான் நடுவர்.

சிநேகிதர்கள் இரண்டு பேரும் பதறிப்போனார்கள். அடுத்த மாதம் சென்னையில் ஒரு காலேஜ் விழாவில் வாசிக்க அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் முதலாக வந்த பெரிய வாய்ப்பு. மொட்டைத் தலையோடு ராக் வாசிக்கப் போனால் எவன் மதிப்பான் என்று டிரம்ஸ்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். சின்னப்பெண்ணிடம் தோற்கவா போகிறேன் என்று மாமா சிரித்தார். அதற்கடுத்த இரண்டு வாரமும் நான் கூடத்தில் அந்த முதல் பாட்டை ஓட்டி ஓட்டிப் பழகினேன். மாமா தறிஷெட்டிலிருந்து கழிவுப் பஞ்சைக் கொண்டுவந்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். நான் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டிவைப்பேன்.

அன்று சாயங்காலம் மாமா குழுதான் முதலில். தறி ஓடுகிற தாளத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்ல வேகம் எடுக்கிற பாட்டு, மூவருமாகச் சேர்ந்து எழுதியது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் நல்ல பாட்டுதான். அன்றைக்கு முன்வரிசைப் பிள்ளைகள் காதைப் பொத்தினோம். ஒரு கைக்குழந்தை வீறிட்டது. முடிந்ததும் கொஞ்சம் கைதட்டல் வந்தது, அதுவும் வேண்டுதல்காரப் பிள்ளை மனசு நோகக் கூடாது என்று தட்டியது. பந்தல்காரர் மேடையேறி வந்து, பிள்ளையார் பாட்டு ஏதாவது தெரியுமா என்று மாமா காதில் கேட்டார். மூவரும் முகம் செத்து மேடை ஓரமாக ஒதுங்கினார்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் குஷி தாங்கவில்லை.

அடுத்து நான். ஜிகினா பாவாடை, தலை நிறைய ரிப்பன். பாட்டு ஆரம்பித்ததும் ஜனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. முதல் சரணம் முடிகிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அந்தப் பெண்களின் குரல் இழுத்துக்கொண்டே போய், கிழவன் குரலாகி, கர்ர்ர் என்று நின்றது. மைக்செட்காரர் கேசட்டை வெளியே இழுத்தார். அதோடு சேர்ந்து நாடா இடியாப்பம் மாதிரி கொசகொசவென்று வந்தது.

நான் ஒரு கையை மேலே தூக்கி இடுப்பைச் சாய்த்தபடி அப்படியே நின்றேன். இறக்கத் தோன்றவில்லை. முன்வரிசையில் என் வகுப்புப் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கேசட் போச்சு, பந்தயம் போச்சு, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எந்த முகத்தோடு போவேன்? கண் நிறைந்து ஜனமெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. மேடை ஓரத்தில் மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது. அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே நின்றிருந்தால் போதும், ஜெயித்திருப்பார்.

அவர் கண்ணைத் திறந்து கிட்டாரை மாட்டிக்கொண்டார். ஏதோ திருகினார், உறுமல் அடங்கியது. பாட்டு எந்த இடத்தில் அறுந்ததோ சரியாக அந்த இடத்திலிருந்து பிடித்தார். வாசித்தது மட்டுமில்லை, பாடவும் செய்தார். நான் கன்னாபின்னாவென்று நிரப்பிவைத்திருந்த இடங்களில் எல்லாம் இருந்த நிஜ வார்த்தைகளை அவர் வாயிலிருந்துதான் முதல் முறையாகக் கேட்டேன். அவருக்கு இவ்வளவு மெத்தென்று ஒரு குரல் இருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. டிரம்ஸ்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு போய் உட்கார்ந்து மெதுவாகத் தாளம் போட ஆரம்பித்தார். நான் தூக்கிய கையை இறக்கி ஆடினேன். கண்ணீரெல்லாம் எங்கே போனதோ. முடிந்ததும் பந்தலே ஒன்ஸ் மோர் என்று கத்தியது, மறுபடியும் முழுப் பாட்டையும் ஆடினேன்.

ஆடி முடித்து நான் செய்த முதல் காரியம், மைக்கைப் பிடுங்கி, பாப்தான் ஜெயித்தது, எங்கள் மாமா மொட்டை என்று ஊருக்கே அறிவித்தது.

டிரம்ஸ்காரர் விடவில்லை. வாசித்தது யார், பாடியது யார், இது எப்படி அவள் ஜெயித்ததாகும் என்று நைனாவிடம் நியாயம் கேட்டார். பந்தயமே செல்லாது என்று இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். நைனா தாடையைச் சொறிந்தார். மாமாதான் குறுக்கே வந்தார்.

"ஜனங்க திரும்பக் கேட்டது அந்தப் பாட்டைத்தான். எங்க பாட்டைக் கேக்கல. தோத்தது தோத்ததுதான், உடுடா."

இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பல வருஷம் கழித்து, என் கல்யாணத்துக்கு வந்த டிரம்ஸ்காரர்தான் அதைச் சொன்னார். பந்தயத்துக்கு ரொம்ப முன்னாலிருந்தே, வேலைக்கு லீவு போட்ட நாட்களில், நான் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, மாமா என் கேசட்டை எடுத்துப் போட்டு அந்தப் பாட்டைக் கிட்டாரில் பிடித்துக்கொண்டிருந்தாராம். நடுவில் மெட்டு எதிர்பாராமல் ஒருபடி மேலே ஏறும். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துவிட்டு, இதைப் போட்டவன் சாதாரண ஆள் இல்லடா, நம்மால் இப்படி ஒன்று முடியாது என்றாராம். என்னிடம் மூச்சு விடக் கூடாது என்று இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். சென்னைக் கச்சேரிக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனதையும், பாதியில் தொப்பி கழன்று விழுந்ததையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் டிரம்ஸ்காரர். இன்றைக்கும் யாராவது பாப்பெல்லாம் ஒரு இசையா என்று என்னிடம் ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஒரு ராக் இசைக்காரர் அதற்கு எவ்வளவு மரியாதை கொடுத்தார் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பந்தயம் முடிந்த அடுத்த வாரம் குடும்பத்தோடு மலைக்குப் போனோம். மொட்டை போடுகிற கூடத்தில் டோக்கனும் பிளேடுமாக வரிசையில் நின்றோம். ஈரத் தரை முழுக்க முடி. பந்தயக்காரியாயிற்றே, பக்கத்திலேயே நின்று பார்ப்பேன் என்று நான் அடம்பிடித்து மாமாவோடு போயிருந்தேன். அவர் குனிந்து உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து முடியைக் கோதிய நாவிதர், இவ்வளவு முடியா என்று ஆச்சரியப்பட்டு, எத்தனை வருஷத்து வேண்டுதல் என்று கேட்டார்.

"முடி ரெண்டு வருஷமா வளத்துக்கினு இருக்கேன். வேண்டிக்கினது போன வாரம்தான்," என்றார் மாமா, குனிந்த தலையோடு. "இந்தப் பாப்பா மேடையில அழுதுடக் கூடாது, ஆட்டம் நல்லபடியா முடியணும்னு."

நாவிதர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய் சொல்றாரு. பந்தயத்துல தோத்துட்டாரு, அதுக்குத்தான் மொட்டை," என்றேன், சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி. மாமாவின் தோள் சிரிப்பில் குலுங்கியது. ஆடாமல் உட்காரச் சொல்லி நாவிதர் அவர் தலையை அழுத்திப் பிடித்தார். பின்னால் நின்றிருந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடி போகிறதே என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தோற்றதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு, மலைமேல் வந்தும் ஒரு மனுஷன் இப்படிப் புளுகலாமா என்று, பஸ் கீழே இறங்கித் திருப்பதி வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவே இல்லை.