சலுகையில் வந்த நர்ஸ்

டெல்ஃபா டகெட்டுக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. படுக்கையில் கிடக்கிறவர்களைப் பிடிக்கும். எழுந்து நடமாடுகிறவர்களில்தான் மதிக்கத்தக்கவர் என்று ஒருவரும் அவள் கண்ணில் பட்டதில்லை.

பெல் ஹாலோவில் டாக்டர் பூல் நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு அவள் துணி வெளுக்கத்தான் வந்தாள். இரண்டாம் உலகப் போர்க்காலம். படித்த நர்சுகள் எல்லாம் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் டாக்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு ஊசியைக் கையில் கொடுத்து, எங்கே குத்த வேண்டும் என்று விரலால் காட்டினார். குத்தினாள். அன்றிலிருந்து அவள் நர்ஸ். மரம் அறுக்கும் பட்டறையில் வளர்ந்த அவளுக்கு ரத்தமோ கூச்சலோ புதிதல்ல.

போர் முடிந்த பிறகு அர்கன்சாஸ் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. இனிமேல் உரிமம் இல்லாமல் யாரும் நர்ஸ் வேலை பார்க்கக் கூடாது. ஒரு வருடம் பள்ளியில் படித்துப் பரீட்சை எழுதினால் எல்.பி.என். என்ற உரிமம் கிடைக்கும். ஆர்.என். என்கிற முழு நர்சுக்கு அது ஒரு படி கீழே. ஆனால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைத் திடீரென்று வீட்டுக்கு அனுப்ப முடியாதே. அதனால் ஒரு சலுகை: இவர் உண்மையிலேயே நோயாளிகளைக் கவனித்தவர் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டால் போதும், பரீட்சை வேண்டாம்.

டாக்டர் பூல் டெல்ஃபாவுக்குக் கையெழுத்துப் போட்டார். அதே மத்தியானம், அதே பேனாவால், மச்சினி இமோஜீனுக்கும் போட்டார்.

இமோஜீன் முன்னறையில் உட்கார்ந்து டெலிபோன் எடுப்பவள். நோயாளி என்றால் அவளுக்கு மறுமுனையில் இருமுகிற குரல், அவ்வளவுதான்.

டெல்ஃபா நேராக டாக்டரிடம் போய் நின்றாள். "டாக்டர், அவ ஒரு தெர்மாமீட்டர உதறி நான் பாத்ததில்ல."

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அவ என் பொண்டாட்டியோட தங்கச்சி, டெல்ஃபா. நான் மூணு வேளையும் சாப்பிடறது வீட்லதான்."

அந்த மனிதர் மீது வைத்திருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அன்றோடு போயிற்று. சட்டத்தின் மீது அவளுக்கு ஏற்கெனவே மரியாதை கிடையாது. ஊசி குத்தத் தெரிந்தவளையும் டெலிபோன் எடுக்கத் தெரிந்தவளையும் ஒரே மாதிரி உரிம அட்டையில் எழுதி அனுப்புகிற சட்டத்துக்கு என்ன மரியாதை? அட்டையைப் பாத்திர அலமாரியில் தட்டுகளுக்கு அடியில் போட்டாள்.

காலம் ஓடியது. ஆஸ்பத்திரி மூடப்பட்டது. டாக்டர் ஒரு முதியோர் இல்லத்தில் பங்குதாரர் ஆனார். இரண்டு பேரும் அங்கே போனார்கள். பகலுக்குப் பொறுப்பு நர்ஸ் இமோஜீன், சாயங்காலத்துக்கு டெல்ஃபா. மருந்தலமாரிச் சாவி இடுப்புப் பட்டையில் தொங்கும். தினமும் மூன்று மணிக்கு ஒருத்தி இடுப்பிலிருந்து இன்னொருத்தி இடுப்புக்கு மாறும். அந்தச் சமயத்தில் டெல்ஃபா சாவியை முதலில் தன் கவுனில் துடைத்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்வாள், இமோஜீன் பார்க்கும்படியாக.

இல்லத்தை நிர்வகித்தவன் ஹோபர்ட். அதற்குமுன் கோழித் தீவனம் விற்றவன். கிழவர்களுக்கும் கோழிகளுக்கும் உள்ள வித்தியாசம் அவனுக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்பது டெல்ஃபாவின் கணிப்பு. பிறகு ட்ருடி வந்தாள். பள்ளியில் படித்து, பரீட்சை எழுதி, வெள்ளைத் தொப்பியில் பள்ளிச் சின்னம் குத்தி வந்த சின்னப் பெண்.

"மிஸ் டெல்ஃபா, அந்த மாத்திரைய நசுக்கக் கூடாது. மேல பூச்சு இருக்கு. நசுக்கிக் குடுத்தா வயித்தப் புண்ணாக்கிடும்."

"ஆப்பிள் கூழ்ல கலந்தா எல்லாம் ஒண்ணுதான். நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து நான் நசுக்கறேன்."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள் ட்ருடி.

டெல்ஃபா இன்னும் இரண்டு தட்டு அதிகமாகத் தட்டி நசுக்கினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாஷிங்டனிலிருந்து புது விதி வந்தது. அரசாங்கப் பணம் வாங்குகிற இல்லங்களில், சலுகையில் உரிமம் வாங்கியவர்கள் பொறுப்பு நர்சாக இருக்கக் கூடாது. இருக்க வேண்டுமானால் ஒரு தகுதிப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஹோபர்ட் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டு, தீவன மூட்டை விலை ஏறிவிட்டது என்று சொல்கிற குரலில் இதைச் சொன்னான்.

இமோஜீன் போர்வை அடுக்கும் அறைக்குள் போய் அழுதாள். டெல்ஃபா அதைப் பார்த்தாள். எத்தனையோ வருடங்களாக அவளுக்குக் கிடைக்காத நிம்மதி அன்று கிடைத்தது. அன்று மாலை ரொட்டியில் கூடுதலாக வெண்ணெய் தடவிச் சாப்பிட்டாள்.

"பாத்துக்கோ," என்றாள் புருஷன் ஆர்விலிடம். "அவ சாயம் இப்ப வெளுக்கும்."

"நீயும்தானே எழுதணும்?"

"எனக்கென்ன? நான் வேலை செஞ்சவ."

அழுது முடித்த இமோஜீன், மறுநாளே ட்ருடியிடம் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் புத்தகமும் கையுமாக உட்கார ஆரம்பித்தார்கள். அறுபதை நெருங்குகிற பெண்பிள்ளை, மகள் வயதுக்காரியிடம் சிறுநீரகம் எத்தனை என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். டெல்ஃபா வேலைக்குச் சீக்கிரமே வந்து, காப்பியை எடுத்துக்கொண்டு அந்த மேஜையைக் கடந்து போவாள். சீக்கிரம் வந்ததே அதற்காகத்தான்.

"டெலிபோன் எத்தனை தடவ மணியடிச்சா எடுக்கணும்னு கேப்பாங்களாம், இமோஜீன். நல்லாப் படி."

"சிரி கண்ணு, சிரி," என்றாள் இமோஜீன், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். "எனக்கு வேலை வேணும்."

ட்ருடி ஒரு புத்தகத்தை டெல்ஃபாவிடமும் நீட்டினாள். டெல்ஃபா அதை வாங்கி, ஆடுகிற மருந்து வண்டியின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள்.

பரீட்சை மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கில். டெல்ஃபாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆர்விலுக்கு அன்று பல் வலி. வேறு வழியில்லாமல் இமோஜீனின் காரில் போக வேண்டியதாயிற்று. வழி நெடுக இமோஜீன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மருந்துப் பெயர்களை முணுமுணுத்தாள். டெல்ஃபா ஜன்னல் வழியாக மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாடுகள் மேலாகத் தோன்றின.

கல்லூரிக் கூடம் முழுக்க இவர்கள் வயதுப் பெண்கள். பிளீச்சில் வெடித்த விரல்கள். தேவாலயத்துக்குப் போடுகிற நல்ல காலணிகள். ஒரு பொடியன் பென்சில் கொடுத்துவிட்டு, சரியான விடைக்கு நேரே உள்ள வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும், வட்டத்துக்கு வெளியே பென்சில் போகக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

முதல் சில கேள்விகளுக்கு டெல்ஃபா சிரித்துக்கொண்டே கருப்படித்தாள். இதய மாத்திரை சாப்பிடுகிற முதியவருக்கு அடுத்த வேளை கொடுக்குமுன் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. அவள் முதலில் முகத்தைப் பார்ப்பாள். முகத்துக்கு வட்டம் இல்லை. 'எந்தக் கிழவர்?' என்று ஓரத்தில் எழுதினாள்.

அதற்கப்புறம் வந்த கேள்விகளில் சிலவற்றின் வார்த்தைகளே அவளுக்குப் புரியவில்லை. கழுத்தில் வியர்த்தது. மூன்று மேஜை தள்ளி, இமோஜீன் குனிந்தபடி நிதானமாகக் கருப்படித்துக்கொண்டிருந்தாள். பிறகு மாத்திரை நசுக்குவது பற்றி ஒரு கேள்வி வந்தது. ட்ருடி சொன்ன விடை எது என்று டெல்ஃபாவுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தாண்டி அடுத்த வட்டத்தைக் கருப்பாக்கினாள், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

இமோஜீன் தேறினாள். டெல்ஃபா தேறவில்லை.

ஹோபர்ட் அவளை உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"உங்க உரிமம் அப்படியேதான் இருக்கு, டெல்ஃபா. வேலையும் போகல. பொறுப்பு மட்டும்தான். அந்தச் சாவிய..."

"பகல்ல அவளா?"

"பகல்ல இமோஜீன். சாயங்காலம் ட்ருடி."

சாவியைக் கழற்றி அவன் மேஜையில் வைத்தாள். "இந்த இடத்துல பரீட்சை எழுதாம உக்காந்திருக்கறது இப்ப நீங்க ஒருத்தர்தான்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை.

வீட்டில் இருந்து என்ன செய்வது? பீன்சைப் புட்டிகளில் அடைத்தாள். அலமாரிகளை இரண்டு தடவை துடைத்தாள். பிறகு ஆர்விலைக் கவனிக்க ஆரம்பித்தாள்: அவன் நாக்கு, அவன் கால் வீக்கம், அவன் மலம். மரக்கட்டை லாரி ஓட்டி ஓய்வுபெற்ற நிம்மதியான மனிதன். ஒருநாள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு சொன்னான்: "நீ வேலைக்குப் போகலேன்னா நான் போறேன்."

அந்த வாரமே இமோஜீன் வந்தாள். டெல்ஃபா கொசுவலைக் கதவைத் திறக்கவில்லை. உள்ளேயிருந்தே பேசினாள்.

"என்ன வேணும்?"

"நம்ம இல்லத்து லேத்தம் கிழவர் சாப்பிட மாட்டேங்கறார். யார் ஊட்டினாலும் துப்பறார்."

"பாஸானவ நீ. ஒரு வட்டம் போட்டு அதுல கருப்படி. சாப்பிடுவார்."

இமோஜீன் கைப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். வெயிலில் அவள் முகத்துப் பவுடர் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. "உங்கிட்ட கெஞ்ச வரல, டெல்ஃபா. என்னைப் பத்தி நீ என்ன நெனக்கறேன்னு முதல் நாள்லேருந்தே தெரியும். மனுஷன் மெலிஞ்சுட்டார். அதச் சொல்லிட்டுப் போக வந்தேன்." போய்விட்டாள்.

டெல்ஃபா அன்று முழுக்க இமோஜீனைத் திட்டினாள். அவள் நடை, அவள் பவுடர், அவள் கார். திங்கட்கிழமை ஹோபர்ட் முன்னால் போய் நின்றாள்.

"சாயங்கால வேலைன்னா வரேன். பகல்ல வர மாட்டேன்."

"ட்ருடி உங்க மக வயசு. அவளுக்குக் கீழ பரவாயில்லையா?"

"முன்னப்பின்னத் தெரியாதவ கீழ வேலை செய்யறதுல ஒரு கேவலமும் இல்ல," என்றாள். "இத்தன வருஷமாத் தெரிஞ்சவ கீழதான் முடியாது."

லேத்தம் கிழவர் முதல் நாள் அவள் மேலும் துப்பினார். அவள் வாயைத் துடைத்துவிட்டு, மக்காச்சோள ரொட்டியை மோரில் ஊறவைத்துக் கொண்டுவந்தாள். அவர் மனைவி இருந்தவரை சாயங்காலத்தில் அதைத்தான் சாப்பிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். சாப்பிட்டார். ட்ருடி வாசலில் நின்று பார்த்தாள். மருந்து வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போனாள், டெல்ஃபாவின் கை அதில் படாதபடி. அது சரிதான் என்று டெல்ஃபா யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் வண்டியைக் கேட்டதும் இல்லை.

மறுபடி எழுதலாம், நான் சொல்லித்தருகிறேன் என்று ட்ருடி இரண்டொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "என் தலையில இருக்கறதே எனக்குப் பாரம்" என்று டெல்ஃபா முடித்துவிட்டாள். உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோதெல்லாம் மட்டும் அதைத் தருகிற அரசாங்க வாரியத்தை வாய் நிறையத் திட்டிக்கொண்டே புதுப்பித்தாள்.

இமோஜீன் ஓய்வுபெற்ற நாளில் சாப்பாட்டறையில் கேக் வெட்டினார்கள். ஹோபர்ட் உரையாற்றினான். டெல்ஃபா போகவில்லை. பின்கட்டில் ஒரு கிழவிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ட்ருடி காகிதத் தட்டில் ஒரு துண்டு கொண்டுவந்து வைத்தாள்.

"இமோஜீன் குடுக்கச் சொன்னாங்க."

"அவளே செஞ்சதா?"

"கடையில வாங்கினது."

"அதானே பாத்தேன்," என்றாள் டெல்ஃபா. நகம் வெட்டி முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, நின்றபடியே முழுத் துண்டையும் சாப்பிட்டாள். வறட்சியாக இருக்கிறது என்று அந்தக் கிழவியிடம் சொன்னாள்.