விமானத்துக்கு வைத்த பொட்டு

எங்கள் தோட்டத்தில் எதையும் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். ஆயுத பூசை வந்துவிட்டால் பாராங்கத்தி, தள்ளுவண்டி, எண்ணெய் ஆலையின் கொதிகலன், கணக்கெழுதும் கிராணியாரின் தட்டச்சுப் பொறி என்று ஒன்றும் தப்பாது. ஒரு வருடம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடும் குழாய்க்கே பொட்டு வைத்துவிட்டார்கள். மறுநாள் காய்ச்சலோடு வந்தவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுக் கையை நீட்டினார்களாம். கால்வாயில் கவிழ்ந்த லோரியைக்கூடத் தூக்கி நிறுத்திச் சந்தனம் பூசினார்கள். அதை ஓட்டியவர் இடுப்பொடிந்து மகன் வீட்டோடு போய்விட்டதால், புதிதாக வந்த டிரைவர்தான் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கினார். இப்படிப்பட்ட இடத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அதனால் மறுவருடம் நான் செய்ததைத் தப்பு என்று இன்றைக்கும் என்னால் முழுமனதோடு ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஈஜோக்கை அடுத்த செம்பனைத் தோட்டம். எனக்குப் பதினொரு வயது. அப்பா, தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரத் துரையின் கார் டிரைவர். அம்மா உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போனார். அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவும் எங்களோடுதான் இருந்தார். தோட்டத்துப் பதிவில் அவர் புல்லுக்கு மருந்தடிப்பவர். ஆனால் லோரிக் கதவில் நம்பர் எழுத, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு எண் போட, கோயில் சுவரில் மங்கிப்போன மயிலுக்குத் தோகை திருத்த என்று எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கையாலேயே வட்டம் போடுவார், வட்டம் வட்டமாகவே இருக்கும்.

அந்த வருடம் அவருக்குப் பெண் பார்த்திருந்தார்கள். சுங்கை ஆயர் தாவார் பக்கம். படத்தில் பார்த்த அன்றே நான் மனத்துக்குள் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். எனக்குப் பின்னல் போட அம்மாவைத் தவிர இன்னொருவர் அவசரமாக வேண்டியிருந்தது. அம்மா இழுக்கிற இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஆனால் பெண்ணின் அப்பா பிடிவாதக்காரர். மருந்துத் தொட்டி தூக்குகிறவனுக்குப் பெண் கிடையாது, வெளியே நல்ல வேலை கிடைத்தால்தான் கல்யாணப் பேச்சு என்று சொல்லிவிட்டார். ராவாங்கில் இரும்பு அலமாரிகளுக்குச் சாயம் அடிக்கும் தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். சாயவேலை தெரிந்தவர் என்று பழைய முதலாளி எழுதிக் கொடுத்த கடிதம் வேண்டும் என்றார்கள். அதைக் கொடுக்கக்கூடியவர் எங்கள் துரை ஒருவர்தான். அவரோ ஆயுத பூசைக்கு மறுநாள் விடிந்ததும் வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்புகிறார். புதிதாக வரப்போகிறவருக்குச் சித்தப்பாவை யாரென்றே தெரியாது.

துரையை நல்லவர் என்று சொல்லமாட்டேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் அரைநாளைக் கழித்துவிடுவார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போய்ச் சொன்னால், மழை வரும் என்று வானத்தைக் காட்டுவார். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் அது முழுக்க எங்கள் ஆட்களிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் மரியாதை மட்டும் அதில் இருக்காது. ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். சண்டைக் காலத்தில் அவர் போர் விமானம் ஓட்டினாராம். இந்த வானத்தில்தான் ஓட்டினார் என்பார் அப்பா. இல்லை, சீமையில் என்பார் கிராணியார். அவரிடமே கேட்டுவிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் தைரியம் வந்திருக்காது.

அந்த விமானத்தின் பிளாஸ்டிக் பொம்மை, துண்டு துண்டாகப் பெட்டியில் வருவது, அவரிடம் இருந்தது. தானே ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறார், கை நடுங்கியிருக்கிறது. ஒருநாள் லோரிக் கதவில் நம்பர் எழுதிக்கொண்டிருந்த சித்தப்பாவின் பின்னால் வெகுநேரம் நின்றாராம். அன்று மாலையே அப்பா அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கடிதத்தைப் பற்றிச் சித்தப்பா கேட்டதற்குத் துரை சொன்ன பதில் இது: “மொதல்ல பிளேனு. கடுதாசி அப்புறம் பாக்கலாம்.”

“தொரை கேக்குறது இது ஒண்ணுதான் லா,” என்றார் அப்பா. “ஒழுங்கா முடிச்சுக் குடு.”

ஆறு வாரம் ஆயிற்று. மருந்தடித்துவிட்டு வந்து, சோப்புப் போட்டு இரண்டு தடவை கைகழுவிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்வரை வாசல் படியில் உட்காருவார். நான்தான் கூட வேலை செய்பவள். சட்டத்தில் காய்கள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளை நகவெட்டியால் வெட்டி எடுப்பேன். வெட்டிய இடத்தில் நிற்கும் பிசிறைப் பிளேடால் சுரண்டுவேன். பசை மட்டும் அவர் கைக்குத்தான். கண்ணாடி மூடியில் பசைபட்ட விரல் பட்டால் பனி படிந்தமாதிரி ஆகிவிடும், அப்புறம் போகவே போகாது என்று என்னைக் கைகட்டி உட்காரச் சொல்வார். காற்றாடிக்குப் பின்னால் ஒரு பொட்டுப் பசைகூடப் போகக்கூடாது, போனால் சுற்றாது. அது சுற்றியபோது நாங்கள் இருவரும் மாறி மாறி ஊதி, அம்மா வந்து அதட்டும்வரை ஊதிக்கொண்டிருந்தோம்.

துரை கொடுத்த சாய டப்பாக்கள் எங்கள் கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. பெரிய தூரிகை எதுவும் அதற்கு ஆகவில்லை. சித்தப்பா என் பின்னலின் நுனியிலிருந்து ஏழெட்டு முடியைக் கத்தரித்து, ஈர்க்குச்சியில் நூலால் கட்டித் தூரிகை செய்தார். மேலே பழுப்பும் பச்சையும் திட்டுத் திட்டாக, அடியில் வெளிர் நீலம். உள்ளே உட்கார்ந்திருந்த குட்டி ஓட்டுநரின் முகத்துக்கு வெள்ளைக்காரர் நிறம் டப்பாவில் இல்லை. கலந்து பார்த்ததில் எங்கள் நிறம்தான் வந்தது.

“வெயில்ல பறந்து கறுத்துட்டான், விடு,” என்றார் சித்தப்பா.

இறக்கையில் ஒட்ட வேண்டிய வட்டப் படங்கள் ஈரம் ஏறிச் சுருண்டு போயிருந்தன. அதனால் நீலம், வெள்ளை, நடுவே சிவப்பு என்று மூன்று வட்டத்தையும் அவரே எழுதினார். என் முடியால் எழுதிய வட்டங்கள். அப்படியானால் அந்த விமானத்தில் எனக்கும் பங்கு உண்டு என்று நான் முடிவு செய்துகொண்டேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

பூசையன்று காலையில் கடைசியாக ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து, தூசு படாமல் அலமாரி மேல் கூடையால் மூடி வைத்துவிட்டுச் சித்தப்பா ஆலைக்குத் தோரணம் கட்டப் போய்விட்டார். அம்மா அடுப்படியில் கடலையோடு இருந்தார். சாமிப் படத்தின் முன்னால் பாராங்கத்தி, தையல் மெஷின், என் பள்ளிப் புத்தகங்கள், சித்தப்பாவின் தூரிகைகள், என் முடித் தூரிகை உட்பட, எல்லாம் வரிசையாக இருந்தன. அப்பாவின் பொறுப்பில் உள்ள காருக்கு ஆலையில் பூசை. புத்தகத்துக்கு உண்டு, காருக்கு உண்டு, இத்தனை பாடுபட்ட விமானத்துக்கு மட்டும் கூடைக்குள் சிறையா? எனக்கு மனசு கேட்கவில்லை.

நாற்காலி போட்டு இறக்கினேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரிதான் இருந்தது. கார் பூசையை வருடா வருடம் பார்த்தவள், முறை தெரியாதா? மூக்கில் ஒன்று, இறக்கை வட்டங்களின் மேல் ஒவ்வொன்று என்று நல்ல பெரிய சந்தனமாக வைத்து அதன்மேல் குங்குமம் அப்பினேன். வீட்டுக்குப் பின்னாலிருந்த கஸ்தூரி எலுமிச்சைச் செடியில் கோலிக்குண்டு அளவுக் காயாகப் பார்த்து இரண்டு பறித்தேன். முன்சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து மெல்லத் தள்ளினேன். காய் நசுங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினேன். டக்கென்று சக்கரத்தைத் தாங்கும் ஒரு கால் ஒடிந்தது.

எந்தப் பக்கத்துக் கால் என்று இப்போது சத்தியம் பண்ணமாட்டேன். அந்த டக் சத்தம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒடிந்த காலைச் சந்தனத்தால் ஒட்டப் பார்த்தேன். அதற்குள் அம்மா கற்பூரத் தட்டோடு வந்துவிட்டார். விமானத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “அட, இதையும் வெச்சிட்டியா, நல்ல புள்ள,” என்று சொல்லி எல்லாவற்றோடும் சேர்த்து அதற்கும் தீபம் காட்டினார். நான் கும்பிட்ட கும்பிடு அன்றைக்கு நிஜமான கும்பிடு.

மதியம் அப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். சித்தப்பா விமானத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். காயாத வார்னிஷ் குங்குமத்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. நீலமும் வெள்ளையும் போன இடம் தெரியவில்லை, இறக்கைகளில் இரண்டு பெரிய சிவப்பு வட்டம் மட்டும்தான் இருந்தது.

“போச்சுடா,” என்றார் அப்பா. “ஜப்பான்காரன் பிளேனு ஆயிருச்சு. தொரை சண்டை போட்டதே அவன்கூடத்தான்.”

சித்தப்பா தூரிகையை எடுக்கக் கையை நீட்டினார். அம்மா குறுக்கே வந்து நின்றார். “தம்பி, பூசையில வெச்ச சாமான். நாளைக்குப் பூசை போட்டுத்தான் எடுக்கணும்.”

“அண்ணி, அஞ்சு மணிக்கு தொரை பிளேன எடுக்க வராரு.”

“வரட்டும். அவருக்கும் ஒரு பொட்டு வெப்போம்.”

அம்மாவிடம் இதற்குமேல் யாரும் பேச முடியாது. சித்தப்பா படியில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. “ஏன் பாப்பா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். கடிதம் போச்சு, வேலை போச்சு, சித்தி போச்சு என்று எனக்குள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கார் வந்து நின்றது அங்கிருந்தே கேட்டது. துரை லயத்து வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பிறகு, “இது யாரு வேலை?” என்ற அவர் குரல் கேட்டது. அப்பா என்னைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்தினார். என் பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“எதுக்கு வெச்சே?”

“ஓட்டும்போது ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு, தொரை.”

அவர் விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இறக்கையில் இருந்த சிவப்பை விரலால் தொட்டார். “ஜப்பான்,” என்று சொல்லி, இருமல்போல ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு ஒடிந்த காலைப் பார்த்தார்.

“நான் பிளேன எறக்குனப்பவும் இப்படித்தான்,” என்றார். “ஒரு காலு இல்ல.”

சித்தப்பா காலைக்குள் சரிசெய்து தருவதாகத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். துரை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சட்டைப் பையிலிருந்து, வேர்வையில் கொஞ்சம் நனைந்த ஒரு கடித உறையை எடுத்து நீட்டினார். சித்தப்பா இரண்டு கையாலும் வாங்கினார். அம்மா சொன்னபடியே ஒரு பொட்டு வைத்தார், துரை குனிந்து நெற்றியைக் காட்டினார். விடிந்ததும் கிளம்புகிறவர் என்பதால், விமானத்தை அன்றைக்கே எடுத்துக்கொள்ள அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

கடிதத்தில் போட்டிருந்த தேதி பதினொரு நாளைக்கு முந்தைய தேதி என்று அப்பா பிறகு பார்த்துச் சொன்னார். விமானத்துக்கு வட்டம்கூட எழுதியிராத நேரம் அது. காத்துக் கிடக்கவிட்டுப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார் என்று அம்மாவுக்குக் கோபம். எனக்கு எந்தக் கோபமும் இல்லை. சித்தப்பாவுக்கு ராவாங்கில் வேலை கிடைத்தது. தை மாதம் கல்யாணம். சித்தி பின்னல் போட்டால் வலிக்கவே வலிக்காது. இவ்வளவும் என் பூசையால்தான் நடந்தது என்று பள்ளியில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

துரை கிளம்பும்போது நடந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லும்படியாக ஒன்றும் இருப்பதாக எனக்கு அப்போது தெரியவில்லை. காரின் பின்சீட்டில், மடியில் விமானத்தை வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். குங்குமத்தை நாளைக்குத் துடைத்துவிடலாம், சாமி ஒன்றும் சொல்லாது என்று நான் அவருக்கு அனுமதி கொடுத்தேன். அவர் இறக்கையிலிருந்த பொட்டைச் சுட்டிக்காட்டினார்.

“இது, விழுந்துபோன வண்டிக்கும் சேருமா?” என்று கேட்டார்.

“சேரும் தொரை. கால்வாயில விழுந்த லோரிக்கும் வெச்சோம்ல.”

“ஓட்டுனவன் திரும்பி வரலன்னா?”

“வேற டிரைவர் வருவாரு, தொரை.”

அவர் கண்ணாடி மூடிக்குள் இருந்த குட்டி ஓட்டுநரைப் பார்த்தார். “ஆமா,” என்றார். “ஒவ்வொரு தடவையும் வந்தாங்க.”

எங்கள் லோரியைப் பற்றித்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து, புது டிரைவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார், கவலைப்பட வேண்டாம் என்று சொல்லிக் கையாட்டி அனுப்பிவைத்தேன்.