இரண்டாவது தூணில் தொடங்கும் பூங்கா

நகராட்சிக்கு நிலம் வாங்கித் தருவது அவருடைய வேலை. பள்ளிக்கூடமோ தண்ணீர்த் தொட்டியோ பேருந்து நிறுத்தமோ, ஊரில் எதற்கு இடம் வேண்டுமென்றாலும் உரிமையாளரோடு உட்கார்ந்து விலை பேசுகிறவர் அவர்தான். அலுவலகத்தில் 'ஏக்கரம்மா' என்றால்தான் தெரியும். ஆனால் அந்தச் சாமர்த்தியமெல்லாம் அலுவலக வாசலோடு சரி. காய்கறிக் கடையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்து, வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். இது என் காசு, போனால் போகிறது, அது ஊர்க் காசு என்பது அவருடைய பதில்.

இடம் பார்க்க அவர் அலுவலக ஜீப்பில் போகமாட்டார். ஜீப்பைக் கண்டதுமே மண்ணுக்கு விலை ஏறிவிடுமாம். பஸ்ஸில் போய் இறங்கி, குடையும் கையுமாகத் தெருவோடு போகிறவரைப் போல ஒரு நோட்டம் விட்டு வருவார். அப்புறம் மதிப்பீட்டாளர் போவார். அக்கம்பக்கத்தில் சமீபத்தில் கைமாறிய மனைகளை வைத்து ஒரு விலை எழுதுவார். பேச்சு அதற்குப் பிறகுதான்.

சலவைக் கடைக்காரரின் மனையில் இந்த ஒழுங்கெல்லாம் தலைகீழாயிற்று. கடைக்குப் பின்னால் அவர் வெள்ளை விரிப்புகள் காயப்போடும் வெற்றிடம் அது. அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவேதான் பந்து விளையாடுகிறார்கள். பூங்காவுக்கு வேறு இடமே கிடையாது. அடுத்த மன்றக் கூட்டத்துக்குள் விலை படியாவிட்டால் ஒதுக்கிய பணம் சாலைப் பிரிவுக்குப் போய்விடும். இந்த நேரம் பார்த்து, ஆர்வம் தாங்காத கவுன்சிலர் 'இங்கே பூங்கா வருகிறது' என்று அந்த வேலியிலேயே பலகை மாட்டிவிட்டார். பேச்சே தொடங்கவில்லை, பலகை முந்திக்கொண்டது.

ஏக்கரம்மா போனபோது கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நாற்காலியைத் தட்டிப் போட்டார். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. கேட்ட விலைதான் மதிப்பீட்டைப் போல இரண்டு பங்கு. பூங்கா என்ற பேச்சே இல்லாததுபோல நினைத்துத்தான் மதிப்பிட வேண்டும், பூங்காவால் ஏறுகிற விலையைச் சேர்க்கக் கூடாது, விதி அப்படி என்று ஏக்கரம்மா பொறுமையாக விளக்கினார். கடைக்காரர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார்.

"சரிங்க மேடம். பார்க் வந்தா எதிர்வீட்டுக்காரன் வாடகைய ஏத்துவான். பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டுவான். எடத்தக் குடுக்குற நான் மட்டும் கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கணுமா?"

நியாயமான கேள்வி. ஏக்கரம்மா எழுந்து பின்பக்கம் போய், ஈர விரிப்புகளை விலக்கிக்கொண்டு மனையைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். விதி கட்டிப்போட்டது விலையைத்தான். எவ்வளவு இடம் வாங்க வேண்டும் என்று அது சொல்லவில்லையே.

"முழுசா வேண்டாம். கடைய ஒட்டி ஒரு துண்ட நீங்களே வச்சுக்குங்க. மீதிக்கு மதிப்பீட்டு வெல. பார்க் பக்கமா உங்களுக்கும் ஒரு வாசல் ஆச்சு."

கடைக்காரர் உள்ளே பார்த்தார். கல்லாவில் இருந்த அவர் மனைவி ஏற்கெனவே எழுந்து வந்துகொண்டிருந்தார். உண்மையான பேரம் அதற்கப்புறம்தான் தொடங்கியது. கடையிலிருந்து மனை நெடுகத் துணி காயப்போடும் கம்பிக்குத் தூண்கள் நட்டிருந்தார்கள். அந்தம்மா மூன்றாவது தூண் வரை தங்களுக்கு என்றார். ஏக்கரம்மா முதல் தூணை விட்டு அசையவில்லை. மூன்றாவது வரை விட்டால் ஊஞ்சல் ஆடுகிற பிள்ளை உங்கள் விரிப்பில்தான் வந்து இறங்கும் என்றார். அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தூணில் படிந்தது.

மன்றம் ஒப்புதல் கொடுத்த மறுநாள் கையெழுத்து வாங்க ஏக்கரம்மா போனார். கடைக்காரர் மனைவி தங்களுக்கு மிஞ்சிய துண்டில் நின்று, வரப்போகிற பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க ஒரு டீக்கடை போட்டா என்ன?"

"வெள்ளை துவைக்கிறவன் டீ விக்கிறதா?"

"மேல கொட்டிக்கிட்டா எங்க போவாங்க? பக்கத்துலயே நீங்க இருக்கீங்கல்ல."