பரந்தாமனின் இடுக்கி

எங்கள் அண்ணன் பரந்தாமன் பொதட்டூர்பேட்டையில் தறி வீட்டில் பிறந்தவர். தறிச் சத்தமே ஆகாது என்று படிக்கப் போனார். இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கி, திருத்தணிக் கல்லூரி ஒன்றில் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினார். வீட்டு விசேஷத்துக்கு வந்தாலும் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பெரிய மனுஷன் பாருங்கள்! கதிர்வீச்சுதான் அவர் பாடம். "கையால தொடாத, இடுக்கியால எடு, எட்ட நில்லு" என்று சொல்லாமல் ஒரு வகுப்பும் முடிந்ததில்லையாம். எங்களிடமும் அவர் அப்படி எட்ட நின்றுதான் பழகினார்.

போன ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், அவருடைய பழைய ஆய்வுக்கூடத்துச் சாமான்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார்கள். கேள்விப்பட்டு ஓடினார். அவர் பூட்டி வைத்திருந்த ஈயக் குடுவையைக் காணோம். அதற்குள் கதிர்வீசும் கோபால்ட் அடைத்த சின்ன எஃகுக் குப்பி. குடுவை மூடியிருந்தால் பயமில்லை. குப்பியை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் உடம்பை அரித்துவிடும். கனகம்மாசத்திரத்தில் காயலான் கடைக்காரனைப் பிடித்து உலுக்கியதில், "அந்தக் குடுவைய உங்க தம்பி பூபாலன்தான் சார் வாங்கினு போனாரு" என்றிருக்கிறான்.

அந்தப் பூபாலன் நான்தான். தறியில் பாவு நூல் தளராமல் இருக்கப் பின்னால் எடை கட்டித் தொங்கவிட வேண்டும். கல்லோ உடைந்த உரலோ, கனமாக எது கிடைத்தாலும் விடமாட்டோம்.

அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஒரு கையில் நீட்டு இடுக்கி, மறு கையில் கதிர்வீச்சு பார்க்கும் பெட்டி. விஷயத்தை மூச்சு வாங்கச் சொல்லித் தறியை நிறுத்தச் சொன்னார். குடுவை தொங்கிக்கொண்டிருந்தது, மூடி இல்லாமல். கயிறு கோக்க நான்தான் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

"உள்ள இருந்தது எங்கடா?"

வாசலில் கொட்டினேன் என்றேன். வாசலில் பெட்டி லேசாக டிக் டிக்கென்றது. நடைக்குள் வந்ததும் சத்தம் வேகம் பிடித்தது. உள்ளறைப் பக்கம் திரும்பியதும் தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல் அடித்தது. அங்கேதான் மருமகள் கல்பனாவும் பிறந்து ரெண்டு வாரமான பேரனும் படுத்திருந்தார்கள்.

என் மனைவி தேவகி ஓடிவந்தாள். "பச்சப்புள்ள தலமாட்டுல இரும்பு இருக்கணும்னு, வாசல்ல கெடந்தத எடுத்துக் காலைல நான்தான் மாமா வச்சேன்."

அண்ணன் இடுக்கியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். பிள்ளையை வாரிக் கல்பனாவிடம் தள்ளினார். துணிக்கடியில் வெறுங்கையை விட்டுக் குப்பியை எடுத்து, பொத்திப் பிடித்துக்கொண்டு ஓடினார். குடுவைக்குள் போட்டு மூடிய பிறகுதான் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். குடுவையை அதிகாரிகள் வந்து எடுத்துப்போனார்கள். கோபால்டின் வீரியம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் பாதியாகிவிடுமாம். அவர் வாலிபத்தில் வாங்கியது, இப்போது நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது என்று அண்ணன் கணக்குச் சொன்னார்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "வீரியம் போனது தெரிஞ்சுதான் கைய உட்டியாண்ணா? இடுக்கி உன் கைலதான இருந்துச்சு?"

அவர் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கணக்கு அப்புறந்தான்டா ஞாபகம் வந்துச்சு."